காட்சிச்சாலையும் வழிகாட்டியும்

கண் படைத்தவர் எல்லாரும் காண்கின்றனர். ஆயினும், கண்டதை உணர்ந்தவர் சிலரே ஆவர். திண்டுக்கல் நகரின் நடுவே வானளாவி நிற்கும் மலைக்கோட்டையை நாள்தோறும் பார்த்துக்கொண்டே பள்ளிக்குச் செல்லும் மாணவன் ஒருவனை நிறுத்தி, "கோட்டை மதில் மலையின் எந்தப் பக்கத்தில் தாழ்ந்திருக்கிறது? எந்தப் பக்கத்தில் உயர்ந்திருக்கிறது?" என்று வினவினால், அவன் திகைத்து நிற்பான். பிறந்த நாள் முதல் கண்ணெதிரே நிற்கும் மலையின் நிலையே இதுவானால், ஒருநாள் மட்டும் சென்று காணும் கலைக்காட்சிச்சாலையின் நிலை யாதாகும்? இதனை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அண்மையில் எம் ஊர்ப் பள்ளியொன்றின் மாணவர் சிலரிடையே ஒரு வழக்கு எழுந்தது. அவர்கள் கல்விச் சுற்றுலாவாகச் சென்னைக்குச் சென்று, எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்தைக் காண இருந்தனர். அங்கே வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு அவர் பின்னே செல்வதா, அன்றித் தாமே சுற்றிப் பார்ப்பதா என்பதே வழக்கு. ஒரு சாரார், "நமக்கு இருப்பதோ அரை நாள் பொழுது. வழி அறிந்தவர் ஒருவர் துணையில்லாமல் சென்றால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகும்" என்றனர். மற்றொரு சாரார், "நாம் ஆட்டுமந்தை அல்லோம். அவர் நிற்கச் சொன்ன இடத்தில் நின்று, நடக்கச் சொன்ன இடத்தில் நடந்து, சொன்னதைக் கேட்டுத் திரும்புவதற்கு அவ்வளவு தொலைவு செல்வானேன்? புத்தகத்தைப் படித்தாலே போதுமே" என்றனர். இரு திறத்தாரும் ஒருநாள் மாலை என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, "ஐயா, தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று கேட்டனர். அன்று நான் அவர்களுக்குக் கூறியவற்றை ஈண்டு விரித்து எழுதுகின்றேன்.

வழிகாட்டி வேண்டா என்பார் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. முதலில் அதனை ஆராய்வோம்.

நான் ஆசிரியப் பணியில் புகுந்த தொடக்க ஆண்டுகளில், பிறிதோர் ஊரிலுள்ள காட்சிச்சாலை ஒன்றுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றேன். அங்கே எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் மிக விரைந்து பேசினார். ஒரு சிலையின் முன் நிற்போம். அதன் காலம், அது கிடைத்த ஊர், அதனைச் செய்வித்த மன்னன் பெயர் ஆகியவற்றை ஒரே மூச்சில் ஒப்புவிப்பார். நாங்கள் தலை நிமிர்வதற்குள் அடுத்த சிலைக்குச் சென்றுவிடுவார். மாணவர்களோ அவர் கூறிய ஆண்டுகளைக் குறிப்பேட்டில் எழுதுவதிலேயே கருத்தாயிருந்தனர். திரும்பும் வழியில், "அங்கே கண்டவற்றுள் உங்கள் உள்ளத்தைக் கவர்ந்த சிலை எது?" என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆண்டுகள் அனைத்தும் அவர்கள் குறிப்பேட்டில் இருந்தன; ஒரு சிலையேனும் அவர்கள் நெஞ்சில் இல்லை. அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு. "எழுதிக்கொள்ளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள்" என்று அவர்களை ஏவியவன் நானே அன்றோ?

புகழ்பெற்ற காட்சிச்சாலைகளில் இவ்விடர் இன்னும் பெரிது. பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிசில் 'லூவர்' என்னும் கலைக்கூடம் உள்ளது. முன்னர் அரசர் வாழ்ந்த அம்மாளிகை, 1793ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அங்கே இன்று மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ள பொருள்கள் ஏறத்தாழ 35,000 ஆகும். பொருள் ஒன்றுக்கு அரை நிமிடம் ஒதுக்கினும், நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாக முப்பத்தாறு நாள்கள் நின்று காணவேண்டும்! ஆகவே, வருவோர் பலரும் பேர்பெற்ற சிலவற்றை மட்டும் தேடி ஓடுகின்றனர். அவற்றுள் தலையாயது 'மோனா லிசா' என்னும் ஓவியம். 1911ஆம் ஆண்டில் அவ்வோவியம் களவு போயிற்று. இரண்டாண்டு கழித்தே மீண்டது. அது மாட்டப்பட்டிருந்த வெற்றுச் சுவரைக் காண அந்நாளில் மக்கள் திரள் திரளாக வந்தனராம். ஓவியம் இல்லாத சுவரில் அவர்கள் எதனைக் கண்டனர்? புகழைக் கண்டனர். பிறர் காட்டும் பொருளை, பிறர் காட்டுகின்றனர் என்பதற்காகவே காண்பது, வெற்றுச் சுவரைக் காண்பதனோடு ஒக்கும்.

இன்னும் ஒரு சான்று கூறுவேன். பிரான்சு நாட்டின் பெருஞ்சிற்பியாகிய ரோடின் என்பவர் நம் நாட்டுக்கு வந்தவர் அல்லர். நம் புராணங்களைப் பயின்றவரும் அல்லர். சென்னை அருங்காட்சியகத்திலுள்ள நடராசர் திருவுருவின் நிழற்படங்களை மட்டுமே அவர் கண்டார். கண்டு வியந்து, அவ்வுருவின் அழகைப் போற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் மறைந்த பின்னர், 1921ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. "அவருக்கு எந்த வழிகாட்டி துணை நின்றார்?" என்று வழிகாட்டி வேண்டா என்பார் கேட்கலாம். கேள்வி நன்றே. ஆயினும், தம் வாழ்நாள் முழுதும் களிமண்ணைப் பிசைந்து உருவம் சமைத்த கைகள் அவருடையவை. அக்கைகளே அவருக்கு வழிகாட்டிகள். அத்தகைய பயிற்சி இல்லாத நாம் என் செய்வது?

இனி, வழிகாட்டி இல்லாமல் செல்வோர் நிலையைக் காண்போம். இதனையும் நான் கண்கூடாகக் கண்டிருக்கின்றேன். பிற்காலத்தில் மற்றொரு முறை மாணவர்களுடன் இரவு வண்டியேறி, விடியற்காலையில் எழும்பூரில் இறங்கி, அரசு அருங்காட்சியகத்தை அடைந்தேன். முன்னைய பட்டறிவை எண்ணி, "இம்முறை எவரும் வழிகாட்ட வேண்டா, மாணவர்கள் மனம்போல் பார்க்கட்டும்" என்று முடிவு செய்திருந்தேன்.

அவ்வருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 1854ஆம் ஆண்டில் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. தமிழ்நாட்டுக் கோயில்களைச் சார்ந்த செப்புத் திருமேனிகளும், ஆந்திர நாட்டு அமராவதிச் சிற்பங்களும், பழங்கற்காலக் கருவிகளும், விலங்குகளின் எலும்புக்கூடுகளும், நாணயங்களும் என எண்ணிறந்த பொருள்கள் பல கட்டடங்களில் பரந்து கிடக்கின்றன. சென்னை வாழ் மக்கள் முன்னாளில் விலங்குக் காட்சிச்சாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும், இதனைச் 'செத்த காலேஜ்' என்றும் வேடிக்கையாக வழங்கினர். என் மாணவர்கள் அன்று முதல் ஒரு மணி நேரம் நடந்துகொண்ட முறை அப்பெயருக்கு ஏற்பவே இருந்தது. ஓர் அறையினின்று மற்றோர் அறைக்கு ஓடினர். திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டின்கீழ் நின்று ஆரவாரித்தனர். செப்புத் திருமேனிகள் நிறைந்த கூடத்தை ஐந்து நிமிடத்தில் கடந்து, "எல்லாம் சாமி சிலைதான்" என்று கூறி வெளியே வந்துவிட்டனர். பின்னர்க் கால் ஓய்ந்து படிக்கட்டுகளில் அமர்ந்தனர்.

இத்தளர்ச்சி என் மாணவர்க்கு மட்டும் உரியது அன்று. அமெரிக்க நாட்டின் பாசுட்டன் நகர நுண்கலைக் காட்சிச்சாலையில் பணியாற்றிய கில்மன் என்னும் அறிஞர், பொருள்களைக் காண்போர் எவ்வாறு குனிந்தும் நிமிர்ந்தும் வருந்துகின்றனர் என்பதை நிழற்படம் எடுத்து ஆராய்ந்தார். 1916ஆம் ஆண்டில் அவ்வாராய்ச்சியை வெளியிட்டு, அத்தளர்ச்சிக்குக் 'காட்சிச்சாலைக் களைப்பு' என்று பொருள்படும் பெயரையும் சூட்டினார். மிகப் பலவற்றைக் காண முயல்வோர் ஒன்றையும் காணாது களைப்பர் என்பது இதனால் விளங்கும்.

படிக்கட்டில் அமர்ந்திருந்த மாணவர்களை எண்ணிப் பார்த்தேன், ஒருவன் குறைந்தான். தேடிச் சென்றபோது அவன் செப்புத் திருமேனிக் கூடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அவன் தந்தை எம் ஊரில் பூட்டுச் செய்யும் தொழிலாளி. திண்டுக்கல் பூட்டின் புகழ் நாடறிந்தது. கையால் அராவியும் பொருத்தியும் செய்யப்படும் அப்பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவ்விளைஞன், சிலையின் முகத்தைப் பார்க்கவில்லை. பீடத்தையே உற்று நோக்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "ஐயா, இந்தப் பீடத்தில் பக்கவாட்டில் துளை போட்டிருக்கிறார்களே, எதற்கு? இது உள்ளே பொள்ளலா, கெட்டியா?" என்று கேட்டான்.

இலக்கணமும் இலக்கியமும் கற்ற எனக்கு விடை தெரியவில்லை. அங்கே பணியிலிருந்த வழிகாட்டி ஒருவரை நாடிச் சென்று, மாணவனின் கேள்வியைக் கூறினேன். அப்பெரியவர் முகம் மலர்ந்தது. அவர் அவனருகே வந்து, "தம்பி, நீ கேட்டதுதான் கேள்வி! இவை கருவறையில் நிலைபெயராது நிற்கும் கற்சிலைகள் அல்ல. திருவிழாவில் வீதியுலா வரும் திருமேனிகள். அத்துளைகளின் வழியே தண்டுகளைச் செலுத்திச் சுமந்து செல்வர். தோளில் ஏறி ஊரைச் சுற்றி வந்த தெய்வம் இது" என்றார். பின்னர் அவர், தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவம் சமைப்பதையும், அதன்மேல் மென்மையான வண்டல் மண்ணை அடுக்கடுக்காகப் பூசி உலர்த்துவதையும், சூளையில் இட்டுச் சுடும்போது மெழுகு உருகி வெளியேறுவதையும், அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பதையும் விளக்கினார். "இது கெட்டியாக வார்த்தது, கனவார்ப்பு என்பார்கள். வார்த்தபின் மண் அச்சை உடைத்தால்தான் உருவம் வெளிப்படும். ஆகையால், ஓர் அச்சுக்கு ஓர் உருவமே. இதைப் போன்ற இன்னொன்று உலகில் இல்லை" என்றும் கூறினார்.

இதற்குள் படிக்கட்டில் இருந்த மாணவரெல்லாம் ஒருவர் பின் ஒருவராக வந்து சூழ்ந்துகொண்டனர். பெரியவர் அவர்களைத் திருவெண்காட்டு மாதொருபாகர் திருமேனியின்முன் நிறுத்தி, ஒன்றும் சொல்லாமல், "கைகளை எண்ணுங்கள்" என்றார். "மூன்று" என்றனர் மாணவர். "ஏன் மூன்று?" என்று அவர் கேட்டார். சிறிது நேரம் அமைதி நிலவியது. பிறகு பின்னால் நின்ற ஒரு மாணவன், "வலப்பக்கம் சாமிக்கு இரண்டு கை, இடப்பக்கம் அம்மனுக்கு ஒரு கை" என்று மெல்லக் கூறினான். சற்று முன்பு ஐந்து நிமிடத்தில் கடந்து சென்ற அதே கூடத்தில், அவர்கள் அதன்பின் ஒரு மணி நேரத்துக்குமேல் நின்றனர். திருவாலங்காட்டு நடராசர் திருமேனியின்முன் நின்று, தூக்கிய திருவடியையும் ஊன்றிய திருவடியின்கீழ்க் கிடக்கும் முயலகனையும் அவர்களே ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டனர்.

மாணவர்களே! இந்நிகழ்ச்சியில் நம் வழக்குக்குரிய தீர்ப்பு அடங்கியிருக்கின்றது. முன்னைய வழிகாட்டியும் கற்றவரே, பின்னையவரும் கற்றவரே. முன்னையவர் கேளாத கேள்விகளுக்கு விடை கூறினார். ஆதலின் அவை நெஞ்சில் தங்கவில்லை. பின்னையவர் கேட்ட கேள்விக்கு விடை கூறினார். கேளாதவரையும் கேட்கச் செய்தார். முன்னையவர் செவியை மட்டும் வேண்டினார். பின்னையவர் கண்ணைத் திறந்தார்.

பழைய முறையில் தமிழ் கற்றோர்க்கு இவ்வுண்மை புதியது அன்று. என் ஆசிரியர் எனக்குப் பாடம் சொல்லியபோது, எடுத்த எடுப்பில் உரை கூறமாட்டார். முதலில் மூலத்தைப் பலமுறை ஓதச் செய்வார். அதன்பின், "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்பார். நான் தட்டுத் தடுமாறி ஏதேனும் கூறிய பின்னரே பதவுரை, விளக்கவுரை எனப் படிப்படியாக உரைப்பார். மூலத்தை அறியாது உரையை மட்டும் பாடம் செய்தவன், பிறர் உண்ட விருந்தின் சுவையைப் பேசுபவன் ஆவான். உரையே வேண்டா என்று மூலத்தோடு நின்றவன், பூட்டிய பெட்டியைச் சுமப்பவன் ஆவான். காட்சிச்சாலையில் உள்ள கலைப்பொருளே மூலம்; வழிகாட்டி உரையாசிரியர். திருக்குறளுக்குப் பழைய உரையாசிரியர் பதின்மர் என்பது மரபு. அவருள் ஒருவர் கொண்ட பொருளை மற்றவர் மறுப்பதும் உண்டு. எனவே, வழிகாட்டி கூறுவது ஓர் உரை என்று கொள்ள வேண்டுமேயன்றி, அதுவே முடிந்த முடிபு என்று கொள்ளுதல் ஆகாது.

மேலே குறித்த பாசுட்டன் காட்சிச்சாலையிலேதான், காண வருவோர்க்குக் கலைப்பொருள்களை உடனிருந்து விளக்கும் வழிகாட்டி ஆசிரியர்களை 1907ஆம் ஆண்டில் அமர்த்தினர். காட்சிச்சாலை என்பது பொருள்களைக் காக்கும் பண்டசாலை மட்டும் அன்று, மக்கள் கற்கும் கல்விச்சாலையும் ஆகும் என்னும் எண்ணமே அதற்குக் காரணம். அக்காட்சிச்சாலையில் இந்தியக் கலைப் பொருள்களைப் பேணும் பொறுப்பை 1917ஆம் ஆண்டில் ஏற்றவர், கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி ஆவார். இலங்கைத் தமிழரின் மைந்தராகிய அவர், 1947ஆம் ஆண்டில் மறையும் வரை அங்கே பணிபுரிந்தார். சிவபெருமானின் நடனத்தின் உட்பொருளை மேலைநாட்டார்க்கு விளக்கி எழுதினார். கடல் கடந்து சென்ற நம் திருமேனிகளுக்கு அங்கே உரை கண்டவர் அவர். உரை இல்லையேல், அந்நாட்டார் அவற்றை வியப்போடு நோக்கிவிட்டு அகன்றிருப்பர், உணர்ந்திருக்கமாட்டார்.

ஆதலின், வழிகாட்டியுடன் காண்பது பயனுடையதா என்று கேட்டால், பயனுடையது என்பதே என் தீர்ப்பு. ஆனால், அப்பயன் வழிகாட்டியின் கையில் மட்டும் இல்லை. காண்போர் கையிலும் உள்ளது. வெறுங்குடத்தோடு கிணற்றுக்குச் செல்பவன் நீர் கொண்டு வருவான். குடமே இல்லாமல் செல்பவன் என்ன கொண்டு வருவான்? கேள்வியே அக்குடம்.

அக்குடத்தை ஊரிலேயே வனைந்துகொள்ளலாம். திண்டுக்கல்லுக்கு வடக்கே ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தொலைவில், கரூர்ச் சாலையில் தாடிக்கொம்பு உள்ளது. அங்குள்ள சௌந்தரராசப் பெருமாள் கோயில் மண்டபத் தூண்களில் ஆளுயரச் சிற்பங்கள் பல நிற்கின்றன. உலகளந்த பெருமாளின் ஓங்கிய திருவடியையும், இரதி மன்மதன் உருவங்களையும் அங்கே காணலாம். நுழைவுச் சீட்டும் வேண்டா; இரயில் வண்டியும் வேண்டா. ஒரு விடுமுறை நாளில் அங்கே சென்று, ஒரே ஒரு தூணின்முன் கால் மணி நேரம் நில்லுங்கள். கல்லில் விரல் நகம் எவ்வாறு வந்தது, அணிகலன்கள் எவ்வாறு தொங்குகின்றன, சிற்பம் தூணினின்று எந்த இடத்தில் பிரிகிறது என்று உற்று நோக்குங்கள். பத்துக் கேள்விகள் தாமே எழும். அக்கேள்விகளோடு சென்னைக்குச் செல்பவன் ஒருகாலும் வெறுங்கையோடு திரும்பான்.

காட்சிச்சாலையை அடைந்த பின்னர் மூன்று முறை காணவேண்டும். முதலில் வழிகாட்டி இன்றி ஒரு கூடத்தை மட்டும் அமைதியாகச் சுற்றி வந்து, நும் உள்ளம் கவர்ந்த இரண்டு மூன்று பொருள்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டாவதாக, வழிகாட்டியுடன் சென்று அவற்றைப் பற்றிக் கேளுங்கள். அவர் கூறும்போது எழுதாதீர்கள், அவர் சுட்டும் இடத்தைப் பாருங்கள். மூன்றாவதாக, அவர் விடைபெற்ற பின்னர் அப்பொருள்களிடம் தனியே மீண்டும் செல்லுங்கள். அவர் கூறியது உண்மைதானா, அவர் கூறாது விட்டது ஏதேனும் உண்டா என்று நீங்களே காணுங்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்னும் பேராசையை விடுங்கள். நூறு பொருள்களைக் கடப்பதினும் மூன்று பொருள்களோடு பழகுவது மேலானது.

இக்காலத்தில் பலர் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டு, சிலையை ஏறிட்டும் பாராமல் நகர்கின்றனர். செவியில் கருவியைப் பொருத்திக்கொண்டு பதிவு செய்த விளக்கத்தைக் கேட்போரும் உளர். கருவி கூறுவது நன்றே ஆயினும், "ஏன்?" என்று நாம் திருப்பிக் கேட்டால் அது விடை கூறாது அடுத்த பொருளுக்குச் சென்றுவிடும். கேட்கும் உரிமையே மனித வழிகாட்டியிடம் நமக்குள்ள பெரும்பேறு. அதனைப் பயன்படுத்தாதவனுக்கு வழிகாட்டியும் ஒன்றே, கருவியும் ஒன்றே.

எம் பக்கத்துச் சமவெளியிலிருந்து செல்லும் மாணவர் பலர்க்கு அப்பயணம் வாழ்நாளில் ஒருமுறையே வாய்க்கும். புகையிலைக் காட்டிலும் பூட்டுப் பட்டறையிலும் பெற்றோர் உழைத்துச் சேர்த்த பணத்தில் அவர்கள் செல்கின்றனர். அந்த ஒருநாள் ஓட்டத்திலும் களைப்பிலும் கழிந்தால், "கலை நமக்கு உரியது அன்று" என்னும் எண்ணம் அவர்கள் நெஞ்சில் வேரூன்றிவிடும். அதனினும் பெரிய இழப்பு யாது?

அன்று இரவு வண்டியில் ஊர் திரும்பும்போது, பூட்டுத் தொழிலாளியின் மகன் என் அருகில் அமர்ந்திருந்தான். நெடுநேரம் பேசாதிருந்தவன், "ஐயா, அந்தச் சிலையைச் செய்தவரும் எங்கள் அப்பாவைப் போல உலோகத்தில் வேலை செய்தவர்தானே?" என்று கேட்டான். "ஆம், தம்பி" என்றேன். அவன் முகத்தில் அப்போது தோன்றிய பெருமிதத்தை நான் இன்றும் மறக்கவில்லை. அவ்வுண்மையை எந்த வழிகாட்டியும் அவனுக்குக் கூறவில்லை. கூறியிருந்தாலும் அது அவ்வளவு ஆழமாகப் பதிந்திராது. ஆயினும், பீடத்தின் துளையைப் பற்றி அவன் கேட்டபோது விடை கூற ஒருவர் அங்கே இல்லாதிருந்தால், அவ்வுண்மையை அவன் அடைந்திருக்கவும் மாட்டான். வழிகாட்டி வாயில் வரை அழைத்துச் செல்வார்; உள்ளே நுழைய வேண்டியவர் நாமே.